வரையாத கிளாம்ப்

கணினியில் இரும்புக் கட்டியை வரைந்து அதைச் சீவும் கட்டருக்குப் பாதை போட்டேன். கட்டியை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை வரைய மறந்தேன். திரையில் எல்லாம் சரியாகவே ஓடியது. மெஷினில் கட்டர் கிளாம்பில் மோதி உடைந்து, ஒரு துண்டு ஆபரேட்டர் சூசையின் இடது கண்ணில் பாய்ந்தது. கிளாம்பை அவர்தான் இடம் மாற்றினார் என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய சூசை, எல்லோர் முன்னாலும் என் கையை இழுத்து, மெஷினில் கிளாம்ப் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து அழுத்தினார்.

“அதே புரோகிராம்தான் சார். நீங்க எழுதினது நெசம்னா கட்டர் இங்க வராது.”

“சூசை, விளையாடாதய்யா.”

“பயமா இருந்தா எடுத்துக்குங்க. ஒரு கண்ணு போதும் எனக்கு, அதைப் பார்க்க.”

மணிக்கட்டை விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினார். கட்டர் கட்டியின் மறுமுனையில் இறங்கியது. முதலாளியும் வந்து நின்றார். சூடான இரும்புச் சீவல்கள் புறங்கையில் விழுந்து தோலைச் சுட்டன. புரோகிராமின் எந்த வரியில் கட்டர் இந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கு மட்டுமே தெரியும். இன்னும் நான்கு வரிகள் இருந்தன. நான் கையை எடுக்கவில்லை.