எலும்பில்லாத எடத்துக்கு ஒரு கட்டு

"எலும்பே இல்லாத எடத்துக்கு மூங்கில் பத்தை வெச்சுக் கட்டினவன் யாருய்யா?"

டாக்டர் பரந்தாமன் கேட்ட கேள்வி வேலூர் ஆஸ்பத்திரி வார்டு பூரா கேட்டிருக்கும். கங்காதரன் துண்டை எடுத்து மூஞ்சிய மூடிக்கிட்டான். மூட வேண்டிய எடம் தொறந்து கெடக்கு, மூஞ்சிய மூடி இன்னா பிரயோஜனம்?

"ஊர்ல காசின்னு ஒரு கட்டு வைத்தியர் சார். மாட்டுக் காலைக் கூட ஒட்ட வெச்சுடுவாரு." பதில் சொன்னது கூட வந்த நயீம் அகமது. ரெண்டு பேருக்கும் ஆம்பூர்ல ஒரே தோல் கம்பெனில வேலை, உயிர் தோஸ்த்துங்க. "டக்குன்னு முறியற சத்தம் கேட்டுதாம் சார். சத்தம் கேட்டா எலும்புதானே? முட்டையும் உளுத்தமாவும் கொழச்சு..."

"அடை சுடலியா?"

டாக்டர் பத்தையப் பிரிச்சாரு. உள்ள கத்திரிக்கா கலர்ல வீங்கிப் போய்... சரி வுடுங்க, புரிஞ்சுக்குங்க.

"எப்டி ஆச்சு?"

"சைக்கிள்ல இருந்து வுழுந்துட்டேன் சார்."

"சும்மா தொங்கினா இது ஒடையாது. வெறச்சு நின்னாத்தான் ஒடையும். அவ்ளோ அழகா இருந்துதா அந்த சைக்கிளு?"

நயீம் வாயப் பொத்திக்கினு சிரிச்சான். கங்காதரன் துண்டுக்குள்ள இருந்தே அவனை மொறைச்சான்.

விஷயம் இதான். வைகாசில கல்யாணம். ஆடி பொறந்ததும் மாமனார் பக்தவச்சலம் குடியாத்தத்துல இருந்து வண்டி கட்டிக்கினு வந்து, பொண்ணு கமலவேணியக் கூட்டிக்கினு போய்ட்டாரு. லுங்கித் தறி வெச்சிருக்கறவரு. நெத்தி பூரா விபூதி, ஊருக்கே ஒழுக்கம் சொல்றவரு. போறப்போ தெருவே கேக்கற மாதிரி கத்தினாரு: "ஆடி முடியற வரைக்கும் பொண்டாட்டி நெனப்பே வரக் கூடாது மாப்ளே! ஆடில சேந்தா சித்திரை வெயில்ல புள்ள பொறக்கும், குடும்பத்துக்கே ஆகாது. மீறினது தெரிஞ்சுது, பொண்ணைத் திருப்பி அனுப்பவே மாட்டேன்!"

இவன் மீறிட்டான். கோயில்ல கூழ் ஊத்தறாங்கன்னு சொல்லிட்டுக் கமலவேணி வந்தா. தோல் பதம் பண்ற ஆவாரம்பட்டைய மூட்டை மூட்டையா அடுக்கி வெச்ச கொடவுன் ஒண்ணு, நயீமோட சித்தப்பாவுது. சாவி கெடைச்சுது. நல்ல நேரம் பாத்து ஒரு மூட்டை சரிஞ்சு இவன் முதுகு மேல வுழுந்துது. டக்!

டாக்டர் கட்டில் ஓரமா உக்காந்தாரு. "கேளுய்யா. உள்ள எலும்பு கெடையாது. ரத்தம் வந்து ரொம்பற எடத்தைச் சுத்தி ஒரு கெட்டி உறை. அது கிழிஞ்சு போச்சு. உங்க கம்பெனில தோலு கிழிஞ்சா இன்னா பண்ணுவீங்க?"

"தைப்போம் சார்."

"இதுவும் அதே கதைதான். அன்னிக்கே வந்திருந்தா அன்னிக்கே தெச்சிருப்பேன். நீ மாவு பூசிக்கினு நாளக் கடத்திட்டே. இப்பவும் ஒண்ணும் குடி முழுகல, இன்னிக்குத் தெச்சா நேராய்டும். இன்னும் தள்ளினா உள்ள தழும்பு கட்டி வளைஞ்சுடும். அப்றம் பொண்டாட்டி கிட்ட போறதே கஷ்டம். சொந்தக்காரங்க பெரியவங்க யாரையாச்சும் வரச் சொல்லு, மயக்க மருந்து குடுக்கணும்."

கங்காதரனுக்கு அப்பா அம்மா இல்ல. பெரியவங்கன்னா மாமனார் ஒருத்தர்தான்.

"வளைஞ்சாலும் பரவால்ல சார். நான் ஊருக்கே போறேன்."

"டேய், வளைஞ்சத வெச்சுக்கினு இன்னாடா பண்ணுவே? கொடை மாட்டுவியா?" நயீமுக்குக் கோவமே வந்துடுச்சு. "கமலவேணி தங்கச்சி மூஞ்சிய நெனைச்சுப் பாரு!"

"அவ மூஞ்சிய நெனைச்சுதான்டா சொல்றேன். அந்த ஆளு அவளை அனுப்பலன்னா இது நேரா இருந்து மட்டும் இன்னாடா பிரயோஜனம்?"

டாக்டர் தலைல அடிச்சுக்கிட்டாரு. "அதோ பாரு, அந்தத் திரைக்கு அந்தாண்ட ஒருத்தரு படுத்திருக்காரு. உனக்கு ஆன அதேதான் அவருக்கும். அம்பது தாண்டின மனுஷன்! முந்தாநேத்து ஒடைஞ்சுது, அடுத்த வண்டியப் புடிச்சு நேரா இங்க வந்து, 'தெய்ங்க டாக்டர்'னு படுத்துட்டாரு. சம்சாரம் பக்கத்துலயே இருந்து பாத்துக்குது. இன்னிக்கு எழுந்து நடக்கறாரு. ஒண்ணரை மாசம் ஜாக்கிரதையா இருந்தா போதும், பழையபடி ஆய்டுவாரு. வெவரமான ஆளு. போய்ப் பேசு, உன் பயம் தெளியும்."

அப்டி ஒரு தைரியசாலியப் பாத்துடலாம்னு கங்காதரன் எழுந்தான். லுங்கிய அகட்டிப் புடிச்சுக்கினு, தாரா கோழியாட்டம் நடந்து போய்த் திரைய விலக்கினான்.

பூ வெச்ச ஒரு அம்மா ஸ்பூன்ல கஞ்சி ஊட்டிக்கினு இருந்துச்சு. அதுக்குத் தொறந்த வாய மூடவே மறந்து போய், நெத்தில ஒரு பொட்டு விபூதி இல்லாம, இவனையே பாத்தாரு பக்தவச்சலம்.

"மாமா"ன்னான் கங்காதரன் ரொம்ப மரியாதையா, "அத்தைக்குப் போன மாசம்தானே திவசம் குடுத்தோம்?"

இவனுக்குத் தெய்க்க மாமனார் அந்த நிமிஷமே தலையாட்டிட்டாரு. இதுக்கப்புறமும் பொண்ணைத் திருப்பி அனுப்ப மாட்டேன்னு வாயத் தொறப்பாருன்றீங்க?