யாரும் சாகாத புத்தகம்

“இதுல யாராவது சாவறாங்களா?” என்று கேட்டார் சக்கரபாணி.

கடைக்காரப் பெண் விஜயகுமாரி கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அட்டையில் ஒரு குடும்பம் ஏரிக்கரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது.

“இது முதல் படி, ஐயா. ஜெர்மன் புதுசா கத்துக்கிறவங்களுக்கு எழுதின கதை. யாரும் சாக மாட்டாங்க.”

“அப்ப வேணாம்.”

நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் வெளிநாட்டு மொழிப் புத்தகம் விற்கிற கடை அது ஒன்றுதான். மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிற பிள்ளைகள்தான் வருவார்கள். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே மண் வாரி, கான்ட்ராக்டிலேயே பாதி ஆயுசைத் தொலைத்து, கடைசியில் பர்மனென்ட் ஆகி, ரிட்டயரும் ஆன கிழவர் எவரும் வந்ததில்லை.

“படிக்கப் போறது யாருங்க, பேரனா?”

“நான்தான்.”

அவள் சிரிக்கவில்லை. அது அவருக்குப் பிடித்தது.

“டவுன்ஷிப்லயே கிளாஸ் எடுக்கிறாங்களே ஐயா.”

“நடுவுல ஆள் வேணாம்மா.”

நடுவில் நிற்கிறவனை அவர் நம்புவதில்லை. மைன்ஸில் மண்ணு வெட்டுகிற பெரிய சக்கர மிஷினைப் பார்க்க முன்பு ஒரு ஜெர்மன்காரன் வந்தான். முகம் சிவந்துபோய்க் கத்தினான். பக்கத்தில் நின்ற ஆள், ‘நல்லா வேலை செய்றீங்கன்னு பாராட்டறார்’ என்று தமிழில் எடுத்துச் சொன்னான். எல்லாரும் கைதட்டினார்கள். சக்கரபாணி தட்டவில்லை.

மருமகன் அருண்ராஜும் அப்படி நடுவில் நின்றவன்தான்.

செந்தாமரையைக் கட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் போனான். அங்கே அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபிறகு இவர் போன் போட்டபோதெல்லாம், ‘தூங்குறா மாமா’ என்றான். நாலைந்து தரம் தூங்கினாள். அப்புறம் ஒருநாள் அவனே கூப்பிட்டு, ‘எல்லாம் முடிச்சிட்டோம் மாமா’ என்றான்.

எரித்துவிட்டிருந்தான்.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டுக் கோடிப்புடவை மேலே விழாமல் பாடை நகராது. பொழுது சாய்ந்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, பெற்றவன் வரும்வரை ஊரே காத்து நிற்கும். இவன் சேதிகூடச் சொல்லாமல் கொளுத்திப்போட்டான்.

ஏனடா மறைத்தாய் என்று கேட்டார். பேத்தியிடம் இதைச் சொல்லாமல் விடமாட்டேன் என்றார். ‘இங்க வளர்ற பிள்ளைக்கு இந்த ஊர் பாஷை போதும் மாமா. ஊர்க் கதையெல்லாம் அதுகிட்ட கொண்டாராதீங்க’ என்று சொல்லிப் போனை வைத்தான்.

சரிதான். அந்த ஊர் பாஷையிலேயே கொண்டு வருகிறேன் என்று இவரும் கிளம்பிவிட்டார்.

அடிக்கலாம் என்றால் கை எட்டாது. கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் எந்த ஊர்க் கோர்ட்டு? எட்டக்கூடியது பேத்தியின் காது ஒன்றுதான். அப்பனைப் பார்த்து அவள் வாயாலேயே கேட்க வைக்க வேண்டும். எங்கம்மாவை ஏன் அப்படிச் செய்தாய்? சோறு தின்னும்போது கேட்க வேண்டும். படுக்கும்போது கேட்க வேண்டும். அவன் தூங்கவே கூடாது.

“பொய் சொன்னவன் மாட்டிக்கிற மாதிரி எதனா கீதா?”

விஜயகுமாரி அடுக்கிலிருந்து கறுப்பு அட்டைப் புத்தகம் ஒன்றை உருவினாள். “துப்பறியும் கதை. மூணாவது படி. கடைசிப் பக்கத்துல மாட்டுவான்.”

வாங்கித் தடவிப் பார்த்தார்.

“இருங்க ஐயா. தனியா படிக்கிறவங்க புக்கு எடுக்க ஒரு வழி இருக்கு. எந்தப் பக்கத்தயாவது திறந்து, தெரியாத வார்த்தைக்கு ஒவ்வொரு விரலா மடக்குங்க. கை மடங்கிப் போச்சுன்னா அந்தப் புக்கு இப்ப உங்களுக்கு ஆகாது.”

மடக்கினார். இரண்டாவது வரி முடிவதற்குள் இரண்டு கையும் முஷ்டியாகிவிட்டன. அவற்றை விரிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“முதல் படியிலயும் மடங்கத்தான் செய்யும். ஆனா அதுல பக்கத்துக்குப் பக்கம் படம் இருக்கு, கேட்டுக்கிட்டே படிக்க சிடி இருக்கு. ஏறிடுவீங்க.”

“கோடித்துணிக்கு அவங்க பாஷையில என்னாம்மா?”

அவள் யோசித்தாள். “அதுக்கு வார்த்தை இல்லீங்க. புதுப் புடவைன்னு சொல்லலாம்.”

“புதுப் புடவை கல்யாணத்துக்குந்தான் கட்றாங்க.”

தோளில் மாட்டியிருந்த மஞ்சப்பையை இறக்கி, வாயைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சிவப்புப் புடவை, மடிப்புக் கலையாமல். எடுத்த கோடியை வூட்டுக்குள் வைக்கக் கூடாது என்று பெண்டாட்டி ஜானகியம்மாள் சொல்லிவிட்டாள். போர்த்தவும் மகளின் உடம்பு இல்லை. போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு அலைகிறார்.

“பொண்ணுக்கு. போர்த்த வுடல. இதத்தான் பேத்திகிட்ட சொல்லணும்.”

விஜயகுமாரி கறுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்து அடுக்கில் திருப்பி வைத்தாள்.

ஏரிக்கரைக் குடும்பத்தையே எடுத்துப் புடவைமேல் வைத்தார் சக்கரபாணி. “நீங்க வருசா வருசம் வருவீங்கல்ல?”

“வருவோம் ஐயா.”

“வந்துக்கினே இரு. ரெண்டாம்படி, மூணாம்படி எல்லாம் வாங்கிக்கினே இருக்கன்.”

“அத்தன வருசம் ஆகுமே! அதுவரைக்கும் பேத்தி என்ன நினைச்சுக்கும்?”

அவர் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அருண்ராஜின் அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய போட்டோ அது. வெள்ளைத் துணிச் சுருள் ஒன்று. அதற்குள் கண்மூடிய ஒரு முகம். கன்னத்தில் ஒட்டியபடி, விரல் எல்லாம் மடங்கிய ஒரு கை.

“அவசரமில்லம்மா,” என்றார். “இன்னும் கழுத்தே நிக்கல.”