மாடியில் ஜமீன், கீழே வெள்ளச்சி

"ஆறு மாசமாச்சு டாக்டர். ஒரு தடவைகூட ஹீட்டுக்கு வரல. ஆணைத் தேடிக் கத்தல, உருளல, வாலைத் தூக்கல. சாமியாராப் போயிட்டா" என்றார் பூனைக்காரர்.

மேஜைமேல் உட்கார்ந்திருந்த பெர்சியன் பூனை வெள்ளச்சி, யாரைப் பற்றியோ பேச்சு நடக்கிறது என்பதுபோல் சுவரைப் பார்த்தாள்.

பூனை டாக்டர் கண்களைத் தேய்த்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு அது பதினேழாவது பூனை.

"வெளிச்சம் கூடினா பருவம் வரும்னு விளக்கு போடச் சொன்னேனே, போட்டீங்களா?"

"தினம் பதினாலு மணி நேரம். எங்க கூடத்துலகூட அவ்வளவு வெளிச்சம் கிடையாது. எடை நாலு கிலோ. வெறும் மீனை நிறுத்தியாச்சு. தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் தேதி தவறாம."

"இதயத்துக்கு ஸ்கேன்?"

"எடுத்தாச்சு. எனக்கு எடுக்கச் சொல்லி ரெண்டு வருஷமாச்சு. அதைத்தான் இன்னும் எடுக்கல."

நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த மனைவி, "எப்படியாவது இன்னொரு ஈத்து பார்த்துடணும் டாக்டர்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிட்டது. கணவரும் கூடவே கொட்டாவி விட்டார்.

இருபது வருஷமாக உயர்ஜாதிப் பூனை வளர்க்கிறவர்கள். இருவரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. ஓர் அறையின் நோய் இன்னோர் அறைக்குப் போகக்கூடாது, ஆண் பூனையை ஒருவரும் பெண் பூனையை ஒருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் ஒரு காலத்தில் சொல்லிவைத்தார். அதை இருவரும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். மாடியில் ஜமீன் என்கிற ஆண் பூனை கணவர் பொறுப்பு. கீழே வெள்ளச்சி மனைவி பொறுப்பு. ஒருவர் பூனையை இன்னொருவர் விரலாலும் தொடுவதில்லை. இப்போதுகூட அவர் மேஜையிலிருந்து ஓர் அடி தள்ளித்தான் நின்றார். வெள்ளச்சி ஹீட்டுக்கு வந்தால் மட்டும் மாடிக் கதவு திறக்கும்.

"சார், இவளுக்கு ஏழு வயசு. அஞ்சு ஈத்து ஆயிடுச்சு. கடைசி ஈத்துல வயித்தைக் கிழிச்சுத்தான் குட்டியை எடுத்தேன். இன்னொண்ணு வந்தா உசிரோட எழுந்திருப்பான்னு என்னால சொல்ல முடியாது. போதும்னு விட்டுடலாமே."

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கணவரைப் பார்த்தாள்.

"அதெப்படி டாக்டர்? வீட்டுல குட்டியில்லாம எப்படி இருக்கறது?" என்றார் அவர்.

"அதானே. ஜமீன் வேற நல்ல வாலிபத்துல இருக்கான். போன பூனைக் கண்காட்சியில நடுவருங்க எல்லாம் அவனைப் பார்த்து அசந்து போனாங்களாம். இவர்தான் வந்து சொன்னார்" என்றாள் மனைவி.

டாக்டருக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார்.

"முட்டி வலியோட கூடையைத் தூக்கிட்டு நடக்காத. காரை வாசலுக்குக் கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கணவர் வெளியே போனார்.

செருப்புச் சத்தம் மறைந்ததும் அவள் நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டாள்.

"டாக்டர், தையல் போட்ட இடத்துல முடி சரியா மூடிடுச்சா பாருங்க. அவர்கிட்ட தோல் அரிப்புன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

டாக்டர் வயிற்று ரோமத்தை விலக்கிப் பார்த்தார். "நல்லா மூடிடுச்சும்மா. ஆனா எத்தனை நாளைக்கு மறைப்பீங்க?"

"வேற வழி? அவர் ஜமீனைக் கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்குத்தான் இவளை இங்க தூக்கிட்டு வர முடிஞ்சது. இவளுக்குக் கர்ப்பப்பை, சினைப்பை ரெண்டுமே இல்லன்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார். குட்டிங்கன்னா அவருக்கு உசிரு. எனக்கு முடியல டாக்டர். இவ என் மடியிலயே செத்துடுவாளோன்னு பயம். நிறுத்திடுங்கன்னு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ற தைரியமும் இல்ல."

"சொல்லித்தான் பாருங்களேன்."

"நீங்க சொல்லிடாதீங்க. சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"பண்ணியிருக்கேன்" என்றார் டாக்டர், அந்த வாரம் முழுக்கத் தூங்காதவரைப்போல.

வாசலில் ஹாரன் ஒலித்தது. அவள் வெள்ளச்சியைக் கூடைக்குள் விட்டு, வேண்டாமென்று அவர் சொன்ன கூடையைத் தானே தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள்.

டாக்டர் பதினெட்டாவது பூனையைக் கூப்பிட வாயைத் திறந்தார். கணவர் மூச்சிரைக்க உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"கண்ணாடியை மறந்துட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்."

கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது.

"ஒரே ஒரு சந்தேகம் டாக்டர். இவ இனிமே திடீர்னு ஹீட்டுக்கு வந்து தொலைச்சா?"

"வரமாட்டா சார்."

"விளக்கு வேற எரியுதே. நீங்க சொன்னதாச்சேன்னு அவளே தினம் போடறா. நான் என்னன்னு சொல்லித் தடுக்கறது?"

"எரியட்டும். ஒண்ணும் ஆகாது."

"அவ்வளவு உறுதியாச் சொல்றீங்களே, எப்படி?"

"அனுபவம் சார்."

அவர் முதல் தடவையாக ஒரு முழு மூச்சு விட்டார். "அது போதும் டாக்டர். போதும்னு அவகிட்ட சொல்ல வாய் வராம, கண்காட்சிக்குப் போறேன்னு புளுகிட்டு நான் ஜமீனை இங்க கொண்டுவந்து விதையை எடுத்தது தெரிஞ்சா, பாவம், குட்டிங்களே உசிருன்னு இருக்கறவ உடைஞ்சே போயிடுவா."

அந்த நாள் டாக்டருக்கு நன்றாக நினைவிருந்தது: முன்னறைக் கூண்டில் ஜமீனும் பின்னறைக் கூண்டில் வெள்ளச்சியும் மயக்கம் தெளிந்துகொண்டிருக்க, நடுக்கதவைச் சாத்தி, சாயங்காலம்வரை அதன்மேல் சாய்ந்தே நின்றிருந்தார்.