முதல் கட்டை

வண்டிப்பெரியார் எஸ்டேட்டில் துருப்பிடித்துக் கிடந்த, வெள்ளைக்காரன் காலத்து மரக் கடைசல் மெஷினை நல்லேப்பிள்ளி ஊரிலிருந்த தன் பட்டறைக்குக் கொண்டுவந்து மாதக்கணக்கில் பழுது பார்த்தான் ஈஸ்வரமூர்த்தி. கடைசித் திருகை முடுக்கிய அன்று ஆயுத பூஜை.

"பூவாத்தா, மிதிச்சா பம்பரமாட்டம் சுத்துது. ஒரே ஒரு கட்டில்கால் கடைஞ்சு பார்த்துக்கட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"ஆயுதமெல்லாம் பூசையில இருக்குதுங்க. இன்னிக்குத் தொட்டா சாமி குத்தம். நாளைக்குக் காத்தால பார்த்துக்கலாம்."

"கை துறுதுறுங்குது அம்மிணி."

"அந்தக் கையில தேங்காயை எடுத்துட்டுக் கோயிலுக்குப் போயிட்டு வாங்க."

மனமில்லாமல் போனான். திரும்பும்போது தெருமுனையிலேயே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. எவன் கை வைத்தானோ என்று பட்டறைக்குள் பாய்ந்தான்.

உள்ளே பூவாத்தாள் மிதித்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷினில் பழகிய கால். முகமெல்லாம் மரத்தூள். மெஷினோடு வந்த பழைய உளியின் முனையில் ஒரு சப்பாத்திக்கட்டை திரண்டு வந்துகொண்டிருந்தது.

"சாமி குத்தம்னியே?"

"அது பூசையில வெச்ச ஆயுதத்துக்குங்க," என்றாள், மிதிப்பதை நிறுத்தாமல். "மத்ததுக்கெல்லாம் பொட்டு வெச்சேன். இந்த மெஷினுக்கும் உளிக்கும் மட்டும் வேணும்னேதான் வெக்காம விட்டேன்."