வார்டர் வீட்டுக்கு வந்த வரன்

“இன்னிக்கு ஒரு நாளாவது அந்த ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு நில்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்” என்றாள் புஷ்பமேரி.

ஒரே அதட்டலில் சிறைச்சாலையையே உட்கார வைக்கிற தலைமை வார்டர் தனிஸ்லாஸ், நெல்லித்தோப்பில் தன் சொந்த வீட்டில் மனைவி முன்னால் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

தப்பு அவர் மேல்தான். மகள் பெனிஷாவுக்கு வந்த முதல் வரனைக் கெடுத்தது அவர் வாய். பெண் பார்க்க வந்தவர்களிடம், “ரெண்டு ரெண்டு பேரா வரிசையில உக்காருங்க!” என்று அதட்டிவிட்டார். அடுத்த வரனைக் கெடுத்தது அவர் கை. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆசையாக வாங்கிவந்த வாழைச்சீப்பைப் பிடுங்கி, உள்ளே ஏதும் ஒளித்திருக்கிறதா என்று ஒவ்வொரு பழமாக அமுக்கிப் பார்த்தார். அவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

பாவம், அவர்தான் என்ன செய்வார்? சிறையின் மெயின் கேட்டிலேயே முடி நரைத்தவர். உள்ளே நுழைகிற எவரையும், டியூட்டிக்கு வருகிற வார்டரையே ஆனாலும், தோளில் தொடங்கிக் கணுக்கால் வரை தடவிப் பார்க்காமல் விடக் கூடாது. ஆள் பற்றாக்குறை வேறு. லீவு கேட்டால் இன்னொரு ஷிஃப்ட் சேர்த்துக் கொடுப்பார்கள்.

“போட்டோ பாத்தேம்பா. இவரை எனக்குப் புடிச்சிருக்கு. கெடுத்துடாதீங்கப்பா” என்று பெனிஷா காலையிலேயே சொல்லியிருந்தாள். அந்தக் கடைசி வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த இடமும் தன்னால் தட்டிப்போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஜெயில் என்றாலே ஜனங்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று, தரகரிடம் ‘அரசாங்க உத்தியோகம்’ என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தாள் புஷ்பமேரி.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளை விக்டர் முதலில் இறங்கினான். பின்னால் அவனுடைய அம்மாவும் அப்பாவும் வந்தார்கள்.

தனிஸ்லாஸ் கைகளைப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டுதான் நின்றார். ஆனால் வந்தவர்களைக் கும்பிட வேண்டுமே!

“வாங்க, வாங்க” என்று கும்பிட்ட கை அத்தோடு நிற்கவில்லை. விக்டரின் தோளைத் தொட்டது. அக்குள், இடுப்பு, பேன்ட் பாக்கெட் என்று சரசரவென்று இறங்கியது. கணுக்காலுக்குக் குனிந்த பிறகுதான், தான் செய்கிற காரியம் அவருக்கே உறைத்தது.

“மாதாவே!” என்று புஷ்பமேரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஆனால் விக்டர் கோபப்படவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினான். திரும்பி நின்று முதுகைக் காட்டினான். செருப்பைக் கழற்றி, ஒன்றோடு ஒன்றைத் தட்டிக் காட்டினான். கடைசியில் வாயைத் திறந்து நாக்கையும் தூக்கிக் காட்டினான்.

தனிஸ்லாஸ் விருட்டென்று நிமிர்ந்தார். இவ்வளவு ஒழுங்காகச் சோதனைக்கு நிற்பது வெளி ஆளுக்கு வராது. உள்ளே கிடந்து பழகியவனுக்குத்தான் வரும். ஐயோ, என் பெண் ஆசைப்பட்டது ஒரு கைதியையா?

“தம்பி, மறைக்காம சொல்லு. எந்த ஜெயிலு?”

விக்டர் தலையைக் குனிந்துகொண்டான். “கடலூரு மாமா.”

“எத்தினி வருசம்?”

“வெவரம் தெரிஞ்சதுல இருந்தே பழக்கம் மாமா.”

தனிஸ்லாஸ் கதவைப் பிடித்துக்கொண்டார். உள்ளே அறையில் அலங்காரத்தோடு காத்திருக்கும் மகளிடம் இதை எப்படிச் சொல்வது?

அதற்குள் விக்டரின் அம்மா பொரிந்து தள்ளினாள். “எல்லாம் இவங்கப்பாவால வந்த வினை! ஸ்கூல் விட்டு வந்தா வாசல்லயே நிறுத்தி, தலையில இருந்து கால் வரைக்கும் தடவிப் பாத்துத்தான் புள்ளய வீட்டுக்குள்ள விடுவாரு. இவரு பண்ற கூத்துல இவனுக்கும் ரெண்டு எடம் தட்டிப்போச்சு. அதான் தரகர்கிட்ட நாங்க இவரு வேலைய அரசாங்க உத்தியோகம்னு மட்டும் சொல்லி வச்சோம். தப்பா நெனைக்காதீங்கண்ணே!”

தனிஸ்லாஸின் நெஞ்சில் இருந்த பாறாங்கல் அப்படியே இறங்கியது. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்தபடி கூடத்துக்குள் கூட்டிவந்து, “அப்பா எங்கப்பா?” என்று திரும்பிப் பார்த்தார்.

கடலூர் ஜெயிலின் தலைமை வார்டர் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, கூடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

“ஒரு ஆளு கொறையுதே, சம்பந்தி” என்றார் அவர் விறைப்பாக. “பொண்ண வெளிய வரச் சொல்லுங்க!”