இடப்பக்க இருக்கை

காரில் இருந்தபடியே வாங்குகிற கோப்பிக்கடையின் யன்னல் எலிசாவின் முகத்துக்கு நேரே திறந்தது. வேறு வழியில்லை. அவள்தான் பிரெஞ்சில் பொன்ஜூர் சொல்ல வேண்டும், அவள்தான் காசு நீட்ட வேண்டும், அவள்தான் கொதிக்கிற கோப்பைகளை வாங்க வேண்டும்.

ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும் யப்பான் காரில் இடப்பக்கம் இருப்பவளின் தலைவிதி அது. அவளுடைய கணவர் அருமைராசாவோ ஸ்டியரிங்குக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு சொகுசாக இருந்தார்.

நல்லவேளை, இந்தக் கூத்து இன்றோடு முடிகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம், லொங்குய் நகரில், பழைய கார்ப் பைத்தியம் பிடித்த ஒரு வெள்ளைக்காரர் இதை வாங்கக் காத்திருந்தார். சண்டை பிடித்துப் பிடித்து எலிசா வென்ற வெற்றி.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். பதினைந்து வயது தாண்டிய கார் மலிவாகத்தான் கிடைத்தது. பிறகு வந்தது கப்பல் கூலி, தீர்வை, துறைமுகத்தில் சும்மா கிடந்ததற்கு வாடகை. முன்விளக்கு எதிரே வருபவர்களின் கண்ணைக் குத்துகிறது, மாற்று என்றார்கள். இன்சூரன்ஸ் கம்பனிகள் கையை விரித்தன. சம்மதித்த ஒன்று இரட்டிப்பாகக் கேட்டது. எப்போதோ உடைந்த பக்கக் கண்ணாடி யப்பானிலிருந்து இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

குசினிக்குப் புதுத் தரை போட எலிசா சேர்த்த காசு முழுக்க இந்தக் காரில்தான் கரைந்தது.

ஏன் இந்தக் கார் என்று மாதா கோயிலில் கேட்டவர்களிடமெல்லாம், ஊரில் பழகின பக்கம் என்றார் அருமைராசா. ஊரில் அவர் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை என்பது எலிசாவுக்குத் தெரியும்.

கோப்பி விரலில் சிந்தியது. "கலியாணம் கட்டிக் கனடாவுக்கு வந்தது கோப்பி காவத்தான்" என்று தனக்குள் முணுமுணுத்தாள்.

அருமைராசா விழுந்து விழுந்து சிரித்தார்.

எலிசா திடுக்கிட்டுத் திரும்பினாள். அது அவருக்குச் சொன்னதே இல்லை.

ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்த முந்தின காரில், அவருக்கு வலப்பக்கம் இருந்து வருடக் கணக்காக வாய் நோகக் கதைத்தவள் அவள். பாதிக்குப் பதில் வராது, மீதிக்கு ஒரு "ஆ?" வரும். கல்லுளிமங்கன் என்று முடிவு கட்டி, கடைசியில் காரில் கதைப்பதையே விட்டுவிட்டாள்.

இந்தக் கார் வந்த பிறகுதான் மனிசன் கதைக்கிறார், சிரிக்கிறார். செலவுக் கோபத்தில் அவள் அதைக் கவனிக்கவேயில்லை.

கோப்பி குடிக்க அவர் காரை ஓரமாக நிறுத்தினார். நனைந்த கடதாசியை எறிய இறங்கிய எலிசா, திரும்பும்போது அவருடைய பக்கமாக வந்தாள். கண்ணாடி இறக்கியிருந்தது.

"சீனி காணுமோ?" என்று அவருடைய வலது தோளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள்.

அவர் பாலத்தைப் பார்த்தபடி கோப்பி குடித்தார்.

இன்னொரு தரம் கேட்டாள், சற்றுமுன் முணுமுணுத்ததைவிடச் சத்தமாகவே. அவர் திரும்பவில்லை.

எலிசா அவருடைய வலது காதையே பார்த்தாள்.

தொலைபேசியை எப்போதும் இடது காதில் வைக்கிற மனிசன். கோயிலில் நாலு பேர் இருக்கிற வாங்கில் வலது ஓரம் தேடி உட்காருகிற மனிசன். சண்டைக் காலத்தில் ஷெல் விழுந்த கதையில் கழுத்துத் தழும்பை மட்டும் காட்டி, அவ்வளவுதான் என்று முடிக்கிற மனிசன். இந்தக் காது கேளாது என்று கலியாணம் பேசும்போது சொன்னால் பெண் தரமாட்டார்கள் என்று பயந்திருப்பார். பிறகு சொல்ல வெட்கப்பட்டிருப்பார். பாவம்.

அவள் காரைச் சுற்றி வந்து, இடப்பக்க இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். குசினித் தரை கிடக்கட்டும்.

"விக்க வேண்டாம். வீட்டை போவம்" என்றாள். குரல் உடைந்து, பாதிச் சத்தம்தான் வெளியே வந்தது.

அவருக்கு முதல் தரமே கேட்டது.