லைட் பிடிக்கிற ஆள்

"லைட் பிடிக்கிற ஆள் இருக்கானே, அவனை மாதிரி ஒரு தண்டச்சோறு உலகத்துலயே கிடையாதுங்க!"

கேமராக் கடையின் கண்ணாடி மேஜைமேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு மாமா முழங்கினார். கடைக்காரர் தலையாட்டினார். வியாபாரம் என்று வந்துவிட்டால் எதற்கும் தலையாட்டத்தான் வேண்டும்.

மாமாவுக்கு இரண்டடி பின்னால் அவருடைய கொழுந்தியாள் நின்றாள். ஒரு தோளில் கேமரா, மறு தோளில் கனமான பை, மூக்கின்மேல் சோடாபுட்டிக் கண்ணாடி. "கூட வந்திருக்கு" என்று மாமா கட்டைவிரலால் பின்பக்கம் காட்டியதோடு அவளுடைய அறிமுகம் முடிந்துவிட்டது.

"முக்கியமான படம் எடுக்கறப்போதான் கொட்டாவி விடுவான். கை கடுக்குதும்பான். இங்க காட்டுன்னா அங்க காட்டுவான். விளக்கைக் கையில வச்சுக்கிட்டே கிணத்துல விழுற ரகம்!" சொல்லிக்கொண்டே வலது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார் மாமா.

"அப்போ உங்களுக்கு ஒயர் இல்லாத ஃபிளாஷ்தான் ஸார் சரி. ஸ்டாண்டுல மாட்டிட்டா அதுபாட்டுக்கு நிக்கும்." கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். "இது இன்னொரு ஃபிளாஷோட வெளிச்சத்தைப் பார்த்து எரியும். நடுவுல ஒரு தூண் மறைச்சாலும் போச்சு. இது ரேடியோ. கேமரா மேல இந்தக் குட்டி டிரிக்கரை மாட்டிட்டா, சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் எரியும்."

மாமா புருவத்தைச் சுருக்கி யோசித்தார். "ரேடியோன்னா... வேலைக்கு நடுவுல பாட்டு கீட்டு வந்துடாதே?"

கடைக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

கொழுந்தியாள் மெதுவாகக் கேட்டாள். "ஒரு தடவை எரிஞ்சா, மறுபடி ரெடியாக எத்தனை செகண்ட் ஆகும்? பக்கத்துல யாராவது இதே ஃபிளாஷ் வச்சிருந்தா, சேனல் மாத்திக்கலாமா?"

"ஏம்மா, பெரியவங்க பேசறப்போ குறுக்க என்ன?" என்று சீறினார் மாமா. கடைக்காரரிடம் திரும்பி, "இதுங்களுக்கு என்னங்க தெரியும்? இருக்கறதுலயே பெரிசா ஒண்ணு காட்டுங்க" என்றார்.

குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். மாமா வெறும் குடம், அதுவும் ஆடியது. கடைக்காரர் பெரிய ஃபிளாஷைத் தேடுவதுபோல் குனிந்து, "ரெண்டு செகண்ட்மா. சேனலும் மாத்திக்கலாம்" என்று அவளுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எப்போ ஸார் வேலை?"

"நாளைக்கு. கைக்கடிகாரத் தொழிற்சாலையில. இது மட்டும் நல்லா அமைஞ்சிட்டா, வருஷம் பூரா அவங்க படம் எல்லாம் நமக்குத்தான். ஆனா, உள்ளே விடறது ஒரே ஒரு ஆளைத்தான்." மாமா பின்னால் திரும்பினார். "கேட்டுக்கோ. நாளைக்கு நீ வீட்ல இரு. நான் ஒருத்தனே போதும். லைட்தான் தானா நிக்கப் போகுதே!"

அவள் முகம் மாறவில்லை. "ஒருத்தர் வீட்ல இருக்க வேண்டியதுதான் மாமா" என்றாள். கடைக்காரருக்கே பாவமாக இருந்தது. பையையும் சுமந்து, வசவையும் சுமந்து, கடைசியில் வேலையும் போகிறதே என்று நினைத்துக்கொண்டார்.

ரேடியோ ஃபிளாஷைச் சோதித்துப் பார்க்க, குட்டி டிரிக்கரைக் கேமராமேல் மாட்டிவிட்டு, ஃபிளாஷைக் கொண்டுபோய்ப் பின்பக்கச் சரக்கு அறையில் வைத்துவிட்டு வந்தார். மாமா கொழுந்தியாளின் தோளிலிருந்து கேமராவை வெடுக்கென்று உருவி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணை வைத்தார்.

"என்ன இழவு இது? எல்லாம் ஒரே மங்கலாத் தெரியுது!"

"பக்கத்துல சின்னதா ஒரு சக்கரம் இருக்கு பாருங்க ஸார். படம் எடுக்கறவங்க, கண்ணாடி போடாமலே தெளிவாத் தெரியற மாதிரி அதைத் திருப்பி வச்சுக்குவாங்க. உங்களுக்கு மங்கலாத் தெரியக் கூடாதே?"

"இதுதான் திருப்பி வச்சிருக்கும்!" மாமா கொழுந்தியாளைக் கண்ணால் எரித்தார். "கை சும்மா இருக்கவே இருக்காது."

சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் குத்துமதிப்பாகப் பட்டனை அமுக்கினார். சரக்கு அறையில் ஃபிளாஷ் பளிச்சென்று எரிந்து அணைந்தது.

"பார்த்தீங்களா! பட்டனை அமுக்கறது என்ன பெரிய வித்தையா? இதையே கொடுங்க. கொட்டாவி விடாது, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காது."

கடைக்காரர் ஃபிளாஷை எடுத்துவந்து மேஜைமேல் நிறுத்தினார். மனசு கேட்காமல் ஒரு வார்த்தை கேட்டார். "அப்போ, அந்த லைட் பிடிக்கிற ஆளை நிறுத்திடப் போறீங்களா? பாவம் ஸார்."

"பாவம் என்னங்க பாவம்? இந்த மாதிரி ஆளுங்ககிட்ட தயவு தாட்சண்யமே பார்க்கக் கூடாது. இன்னிக்கே, மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும்!"

கொழுந்தியாள் மாமாவின் கையிலிருந்து கேமராவை வாங்கிக்கொண்டாள். சோடாபுட்டிக் கண்ணாடியை நெற்றிக்குமேல் ஏற்றிவிட்டாள். சக்கரத்தைத் தொடக்கூட இல்லை. கேமராவில் கண்ணை வைத்து, மாமாவின் முகத்துக்கு நேராகப் பிடித்து அமுக்கினாள். ஃபிளாஷ் பளீரென்று அடித்ததில் மாமா கண்ணைக் கசக்கினார்.

கேமராவைக் கீழே இறக்காமலே அவள் சொன்னாள்.

"மாமா, நாளையிலேருந்து நீங்க லைட் பிடிக்க வர வேண்டாம்."